லண்டன் அருங்காட்சியகத்தில் தஞ்சையும் இலங்கையும்: இரு ஒளிப்படக் கலைஞர்கள்

லண்டன் மாநகரில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், ஒளிப்படங்களை மிகத் தொடக்க காலத்திலேயே சேகரிக்கத் தொடங்கிய நிறுவனங்களுள் ஒன்று. அப்போது அதன் பெயர் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம். அருங்காட்சியகம் ஒன்றில் நடந்த முதல் ஒளிப்படக் கண்காட்சி 1858-இல் இங்குதான் நடைபெற்றது. இங்கு 2015-ஆம் ஆண்டில் அடுத்தடுத்துத் தொடங்கிய இரண்டு கண்காட்சிகளைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒன்று லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்களைப் பற்றியது. மற்றொன்று ஜூலியா மார்கரெட் கேமரனின் 200-ஆவது பிறந்த ஆண்டை ஒட்டியது.

டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. 1856-இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களை 1858-இல் படம் பிடித்தார். மெழுகு பூசிய பெரிய தாள்களே அவருக்கு நெகடிவ். அந்தத் தாளில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். அசையாத கல் துல்லியமாகப் பதியும். நடமாடும் மனிதர் பதியாமலே போவர். அதனால்தான் அவருடைய கோயில்களும் மண்டபங்களும் ஆளரவமற்றுத் தோன்றுகின்றன. அன்று அங்கே ஆளே இல்லை என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. வானமும் வெறும் வெள்ளையாக விழுந்துவிடும் என்பதால், நெகடிவில் தம் கையாலேயே மேகம் தீட்டினார். இதை ஏமாற்று வேலை என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவருடைய படைப்புகளில் வியப்பூட்டுவது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் படம். விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள எழுத்துகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். இக்கல்வெட்டுகளை ஹுல்ஷ் அச்சில் வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவை ஒளியில் பதிந்துவிட்டன. ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இப்பணியை ஆடம்பரச் செலவாகக் கருதி நிறுத்திவிட்டார். டிரைப்பின் அரசுப் பணி அத்தோடு முடிந்தது.

கேமரன் இதற்கு நேர்மாறானவர். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48-ஆம் வயதில், மகள் பரிசளித்த கேமராவால் கற்கத் தொடங்கினார். (ஓய்வுபெற்ற பிறகு கணினி பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இது தெம்பு தரும் செய்தி!) முகத்தை மிக நெருக்கமாக, சற்று மங்கலாகவே எடுத்தார். ஒளிப்பட வல்லுநர்கள் அதைக் கவனக்குறைவு என்று கேலி செய்தனர். ஆயினும் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-இல் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. 1868-இல் படம் எடுக்க இரண்டு அறைகளையும் அளித்தது. கவிஞர் டென்னிசன், வானியலறிஞர் ஹெர்ஷல், டார்வின் ஆகியோரின் முகங்கள் இன்று நம் நினைவில் நிற்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875-இல் குடும்பம் அங்கு சென்றது. அங்கு எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தோட்டத் தொழிலாளர்களும் களுத்துறைப் பகுதி மக்களும் அவற்றில் இருக்கின்றனர். தமிழகத்திலிருந்து சென்று காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களின் காலம் அது. தலைப்புகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். 1877-இல் களுத்துறைக்கு விருந்தினராக வந்த ஓவியர் மேரியன் நார்த்தின் படம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1878-ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்கோ ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பதுதான் தலைப்பு. அதில் நிற்பவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை.