படிப்பும் படைப்பும்

பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டே கதை எழுதுவது இரு தோணியிற் கால் வைப்பதாகும் என்பர். பரீட்சை முடிந்தபின் எழுதலாமென்று பேனாவை மூடி வைக்கும் மாணவர் பலர். மூடிய பேனா மீண்டும் திறக்கப்படாமலே போவதும் உண்டு. இவ்விரு பணிகளையும் ஐந்து ஆண்டுகள் ஒருசேர நடத்திய ஒருவரின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. அவர் ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ்.

செக்கோவ் 1860ஆம் ஆண்டு தகன்ரொக் என்னுந் துறைமுக நகரிற் பிறந்தார். 1876இல் தந்தையாரின் பலசரக்கு வியாபாரம் நொடித்துப் போகவே, குடும்பம் மொஸ்கோவிற் குடியேறியது. பள்ளிப் படிப்பை முடித்து 1879இல் அங்கு சென்ற செக்கோவ், மொஸ்கோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயிலத் தொடங்கினார். பிறந்த நகரம் அவருக்கு அளித்த உதவிப்பணம் மாதம் 25 ரூபிள். பெற்றோரையும் தம்பி தங்கையரையுந் தாங்க அது போதவில்லை. எனவே நகைச்சுவைச் சஞ்சிகைகளுக்கு எழுதலானார். 1880இல் அவரது முதற் படைப்பு அச்சேறியது. எழுத்து அவருக்குப் பொழுதுபோக்கன்று. வீட்டில் அடுப்பெரிவதற்கு வழி.

அமைதியான அறையும் அவருக்கு வாய்க்கவில்லை. 1883இல் எழுதிய கடிதமொன்றில் தம் நிலையை அவரே விவரிக்கின்றார்: மேசையில் முடிக்கவேண்டிய வேறு வேலை; அடுத்த அறையில் விருந்தினரின் குழந்தை அழுகின்றது; மற்றோர் அறையில் தந்தையார் தாயாருக்கு உரத்த குரலில் நூல் வாசிக்கின்றார்; யாரோ இசைப்பெட்டியை முடுக்கிவிடுகின்றார்.

இந்நிலையில் எழுத்து எவ்வாறு நிகழ்ந்தது? முதற் காரணம் அளவு. 1882 முதல் அவர் எழுதிய ‘அஸ்கோல்கி’ என்னும் வாரச் சஞ்சிகை, கதைக்கு ஏறத்தாழ 100 வரி என எல்லை வகுத்திருந்தது. வரிக்கு 8 கொபெக் கொடுத்தது. நாவலொன்றை எழுதுவோர் விட்ட இழையை நாள்தோறும் தேடிப் பிடித்தல் வேண்டும். 100 வரிக் கதையோ ஒரே அமர்வில் தொடங்கி முடிக்கத்தக்கது. வாரந்தோறும் வந்து நின்ற தவணை, எழுதும் மனநிலை வரட்டும் எனக் காத்திருக்க இடந்தரவில்லை.

இரண்டாவது காரணம், படிப்பே படைப்புக்கு உரமானமை. அங்கு கற்பித்த பேராசிரியர் சகாரின், நோயாளியின் உணவு, தொழில், வாழிடம் ஆகியவற்றை நுணுகி விசாரித்தே நோயை அறியவேண்டுமெனப் பயிற்றியவர். மனிதரை இவ்வாறு கூர்ந்து நோக்கும் பழக்கம் கதையிலும் புகுந்தது. மாணவராயிருந்தபோது 1883இல் வெளியிட்ட ‘குமாஸ்தாவின் மரணம்’ ஒரு தும்மலில் தொடங்கிச் சாவில் முடிகின்றது. அற்பமான அச்சம் ஒருவனைப் படிப்படியாக அரித்தழிப்பதை, நோயின் போக்கைக் குறித்து வைக்கும் வைத்தியர் போல் ஆசிரியர் காட்டுகின்றார். வைத்தியப் படிப்புத் தம் நோக்கினை விரிவாக்கியதெனப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

இம்முறைக்கு விலையும் இருந்தது. 1884இல் அவர் வைத்தியராகத் தேறினார். எனினும் தம் உண்மைப் பெயரை வைத்தியத்துக்கென ஒதுக்கிக் கதைகளைப் புனைபெயர்களிலேயே வெளியிட்டு வந்தார். 1886இல் முதுபெரும் எழுத்தாளர் கிரிகொறோவிச், பசியிருக்க நேரினும் அவசர எழுத்தைக் கைவிடுமாறு அவருக்கு எழுதினார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லையென்று செக்கோவ் விடையிற் கூறினார். 1899இல் தொடங்கிய தொகுப்புப் பதிப்புக்கெனப் பழைய கதைகளைத் தெரிந்தெடுத்தபோது, மிகப் பலவற்றைத் தள்ளிவிட்டார். விரைவு கையைப் பழக்கியது. ஆயினும் நிலைத்து நிற்கும் படைப்புக்கு நிதானமும் வேண்டியிருந்தது.

ஆயினும் வைத்தியத்தை அவர் துறக்கவில்லை. 1890இல் சக்காலின் தீவுக்குச் சென்று கைதிகளின் வாழ்நிலையை ஆராய்ந்து திரும்புகையில் இலங்கையிலுந் தங்கினார். கப்பலில் நோயுற்று இறக்கும் போர்வீரனைப் பற்றிய ‘கூசெவ்’ என்னுங் கதை, அவ்வாண்டு டிசம்பரில் ‘கொழும்பு, நவம்பர் 12’ என்ற குறிப்புடன் வெளிவந்தது. நோயாளியை அறிந்த கண்ணும் கதை எழுதிப் பழகிய கையும் அதில் ஒன்றாய்த் தொழிற்படுகின்றன. மாணவப் பருவத்தில் அவ்விரண்டில் ஒன்றை ஒத்திவைத்திருந்தால் அக்கதை பிறந்திராது.