வயிற்றோட்டம்: கிருமி எல்லோருக்கும் ஒன்று, சாவு ஏன் ஏழைக்கு மட்டும்?



"பல்லு மொளைக்குது, அதான் வயித்தால போகுது" என்று சொல்லி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் நம் லயங்களில் இன்னும் உண்டு. அந்த இரண்டு நாள்தான் பிள்ளைக்கு ஆபத்தான நாள். ஆகவே இம்முறை வயிற்றோட்டத்தைப் பற்றிப் பேசுவோம்.

காரணம் என்ன?

சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கடும் வயிற்றோட்டத்துக்குப் பெரிய காரணங்களில் ஒன்று ரோட்டா வைரஸ். 1973ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ரூத் பிஷப் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். நோரோ வைரஸ் என்று இன்னொன்றும் உண்டு; அது பெரியவர்களையும் விடாது. நோயாளியின் மலத்திலும் வாந்தியிலும் இருக்கும் கிருமி கை, தண்ணீர், சாப்பாடு, விளையாட்டுச் சாமான் வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகிறது. முதலில் காய்ச்சலும் வாந்தியும், பிறகு தண்ணீர் போல வயிற்றாலே போகும்.

பணக்கார நாட்டில் இது இல்லையா?

இருக்கிறது. தடுப்பு மருந்து வருவதற்கு முன், உலகத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ரோட்டா வைரஸ் ஒரு தடவையாவது வந்து போயிற்று. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வருடத்துக்கு சுமார் 27 இலட்சம் பிள்ளைகளுக்கு இது வந்தது; இறந்தவர்கள் 20 முதல் 60 பேர். ஆனால் 2013இல் உலகம் முழுவதும் சுமார் 2 இலட்சத்து 15 ஆயிரம் பிள்ளைகள் இதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலும் ஏழை நாட்டுப் பிள்ளைகள்.

ஒரே கிருமிதான். வித்தியாசம் எங்கே? ஏழை நாடுகளில் நோய் கைக்குழந்தை வயதிலேயே வந்துவிடுகிறது. பிள்ளை ஏற்கனவே மெலிந்திருக்கிறது. வைத்தியசாலை தூரம். உடம்பில் தண்ணீர் வற்றிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள வெல்லாவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி மழைக்கு வயலும் வாவியும் ஒன்றாகும். மலக்குழித் தண்ணீர் கிணற்றில் கலக்க அதிக நேரம் ஆகாது. 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்த மாவட்டமே தண்ணீரில் நின்றது. ஆதார வைத்தியசாலை களுவாஞ்சிகுடியில். வாவியைக் கடந்தாக வேண்டும். வீதியில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வது? நமக்கு வாவி இல்லை. ஆனால் பீலித் தண்ணீர் உண்டு, பல வீட்டுக்கு ஒரே கக்கூஸ் உண்டு, இரவில் வாகனம் கிடைக்காத மலைப் பாதையும் உண்டு. ஆகவே முதல் வைத்தியம் வீட்டிலேயே தொடங்க வேண்டும்.

உப்பும் சீனியும் செய்த வேலை

1971இல் வங்காளதேசப் போரின்போது, இந்திய எல்லையில் பங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 பேர் வரை இறந்த நிலை மாறி, 4 பேருக்கும் கீழே வந்தது. நம் நாட்டில் கிடைக்கும் 'ஜீவனி' அந்த வழியில் வந்ததுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கொதித்து ஆறிய தண்ணீரில், பொதியில் எழுதியுள்ள அளவுப்படி ஜீவனியைக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

2. பொதி இல்லாவிட்டால் 1 லீற்றர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடவே கூடாது.

3. ஒவ்வொரு முறை வயிற்றாலே போன பின்பும், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர். அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

4. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, சோறு கொடுங்கள். வயிற்றைப் பட்டினி போட்டால் நோய் போகாது, பிள்ளைதான் மெலியும்.

5. வைரசுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். சிங்க் மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

உடனே கொண்டு போங்கள்

கண் குழிவிழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைய பேர் போனாலும் போகட்டும்.

வராமல் தடுக்க

கக்கூஸ் போய் வந்தும், பிள்ளையைக் கழுவிய பின்பும், சாப்பாடு கொடுக்கும் முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைக் காம்பராவில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பத்துப் பிள்ளைக்குப் பரவும். ஆகவே நோயுள்ள பிள்ளையை அங்கே விடாதீர்கள். ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்தும் உண்டு. இந்தியாவில் 2016 முதல் அரசாங்கத் திட்டத்தில் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆறு வாரத்தில் தொடங்க வேண்டிய மருந்து அது. கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மாவிடம் விபரம் கேளுங்கள்.

நல்ல தண்ணீரும் கக்கூசும் நமக்குச் சேர வேண்டிய உரிமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை ஒவ்வொரு காம்பராவிலும் இரண்டு ஜீவனிப் பொதி இருக்கட்டும்.