பென் டிரைவில் படங்கள் எங்கே போயின?

இருக்கன்குடி மாரியம்மன் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட கதை சாத்தூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சாணம் பொறுக்க வந்த பெண் இறக்கி வைத்த கூடையைத் திரும்பத் தூக்க முடியவில்லை. தோண்டிப் பார்த்தால், உள்ளே அம்மன் சிலை. மேலே ஒன்றும் தெரியாதபோதும் கனம் காட்டிக்கொடுத்தது.

அந்தக் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்திய படங்களைப் பென் டிரைவில் போட்டுப் பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோகிறோம். வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்களைக் காணோம். அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்கள்தான் இருக்கின்றன. தயவுசெய்து உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பென் டிரைவின் 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். பல ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டினால், படங்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.

விண்டோஸ் கோப்புகளுக்கு 'ஹிடன்', 'சிஸ்டம்' என்று இரண்டு முத்திரைகள் வைத்திருக்கிறது. இப்படி அம்புக்குறிகளை விட்டுச்செல்லும் 'ஷார்ட்கட் வைரஸ்' இரண்டையும் உங்கள் ஃபோல்டர் மேல் குத்திவிடுகிறது. அதனால் விண்டோஸ் 11-ல் 'வியூ', 'ஷோ', 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்று போவது மட்டும் போதாது. 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'வியூ' பக்கத்தில் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற வரியின் டிக்கையும் எடுக்க வேண்டும். ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரில்லாத ஒரே ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள். ஷார்ட்கட்டை மட்டும் சொடுக்காதீர்கள், வைரஸ் கணினிக்குள் ஏறும் வழியே அதுதான். முதலில் ஆன்டிவைரஸால் சோதித்துவிடுங்கள்.

'சிஸ்டம்' முத்திரை இருக்கும்வரை பிராப்பர்ட்டீஸில் 'ஹிடன்' கட்டம் மங்கிக் கிடக்கும், டிக்கை எடுக்க விடாது. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'அட்ரிப்' கட்டளையால் இரண்டு முத்திரைகளையும் சேர்த்து நீக்கலாம். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸில் முத்திரை கிடையாது. பெயர் புள்ளியில் தொடங்கினால் கோப்பு மறைந்திருக்கும். கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தெரியும்.

விண்டோஸில் அந்த டிக்கை எடுத்த பிறகு சி டிரைவிலும் 'பேஜ்ஃபைல்' போன்ற பெரிய கோப்புகள் கண்ணில் படும். நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் இடம் அது, தொட வேண்டாம். வேலை முடிந்ததும் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் டெஸ்க்டாப்பில் புதிதாகத் தெரியும் 'டெஸ்க்டாப் இனி' கோப்பை வைரஸ் என்று நினைத்து வீட்டில் யாராவது அழிக்கப் பார்ப்பார்கள்.