பத்தடிக் குளத்தில் நாலு டன் தண்ணீர்

பெட்டிக்குள் இருக்கும்போது அதை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு சிங்கப்பூரின் தேக்காவில் எம்ஆர்டி ரயில் ஏறிவிடலாம். விரித்தால் பத்தடி விட்டம், இரண்டரை அடி உயரம். பிவிசி துணியால் ஆன தொட்டி, அதன் விளிம்பில் காற்றடைக்கும் ஒரு வளையம், கூடவே ஒரு குட்டி வடிகட்டிப் பம்பு. பள்ளி விடுமுறை நெருங்கும்போது பிள்ளைகள் நச்சரித்து வாங்க வைக்கும் இந்தக் காற்றடைக் குளத்தில், தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு நிரப்பினால் ஏறக்குறைய 3,800 லிட்டர் பிடிக்கும். எடையில் நாலு டன்னுக்குச் சற்றுக் குறைவு. காசு கொடுத்து வாங்குவது பிளாஸ்டிக்கைத்தான். வைத்துக் காப்பாற்ற வேண்டியதோ அந்த நாலு டன் தண்ணீரை.

தண்ணீர்க் கட்டணத்தை நினைத்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல் வீட்டுத் தண்ணீர் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. பொருள் சேவை வரியைச் சேர்த்தாலும் குளம் ஒருமுறை நிறைய 14 வெள்ளிக்குள் ஆகும். ஆனால் 2023 கணக்குப்படி இங்கே ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவிடும் தண்ணீர் 141 லிட்டர். அதை 2030க்குள் 130 லிட்டராகக் குறைப்பது அரசின் இலக்கு. அந்தக் கணக்கில் ஒரு குளம் என்பது ஒருவரின் 27 நாள் தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை கொட்டி நிரப்பும் யோசனை இங்கேயே அடிபட்டுப் போகிறது. நிரப்பிய நீரைக் கெடாமல் வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

அந்தக் கலை தேக்காவுக்குப் புதிதல்ல. சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் 1931இல் திறக்கப்பட்டது தேக்காவை ஒட்டிய மவுண்ட் எமிலி குன்றில். ஊருக்குக் குடிநீர் தந்துகொண்டிருந்த பழைய நீர்த்தேக்கத்தையே குளமாக மாற்றினார்கள். பிறகு 1957இல் ஃபேரர் பார்க்கில் இன்னொன்று வந்தது. அது 2003இல் மூடப்பட்டது. தேக்காவே எருமைத் தொழுவங்கள் இருந்த வட்டாரம். மனிதருக்கு முன்பே எருமைகள் இங்கே தண்ணீரில் ஊறி வெக்கை தணித்திருக்கின்றன.

முதலில் எடை. தண்ணீரின் அழுத்தத்துக்குக் குளத்தின் அகலம் ஒரு பொருட்டல்ல, ஆழம் ஒன்றுதான் கணக்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 45 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. ஆழத்தை 60 சென்டிமீட்டராக்கினால் அது இரு மடங்காவதில்லை. நான்கு மடங்காகி 180 கிலோவைத் தொடுகிறது. கீழே போகப்போக அழுத்தமும் கூடுகிறது, அழுத்தத்தைத் தாங்கும் பரப்பும் கூடுகிறது என்பதே காரணம். இத்தனை விசையைக் காற்று வளையம் தடுத்து நிறுத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். வளையத்தின் வேலை மிதப்பது மட்டுமே. நீர் ஏற ஏற அது மிதந்து துணிச் சுவரை மேலே இழுத்துப் பிடிக்கிறது. விறைத்து நிற்கும் துணிதான் நீரைத் தாங்குகிறது. அதனால்தான் தரை சமமாக இல்லாவிட்டால் வம்பு. கண்ணுக்குத் தெரியாத சரிவு போதும், நீர் ஒரு பக்கம் சாய்ந்து சுவரைப் புடைக்க வைத்துவிடும்.

இதே மென்மையான சுவரில் வேறோர் ஆபத்தும் உண்டு. எட்டிப் பார்க்கும் இரண்டு வயதுக் குழந்தையின் எடைக்கு விளிம்பு அமுங்கிக் கொடுக்கும். குழந்தை தலைகுப்புற உள்ளே விழும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. ஏணியைக் கழற்றி வைப்பதெல்லாம் இரண்டாம்பட்சம். ஒரு பெரியவர் கைப்பேசியை வேறெங்காவது வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு மேல் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில். குடியிருப்புத் தளங்களை வடிவமைக்கும்போது பொறியாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. தண்ணீரில் சொன்னால் 15 சென்டிமீட்டர் ஆழம், பெரியவரின் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. நமது பத்தடிக் குளமோ சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டுகிறது. வடிவமைப்பில் பாதுகாப்புக்கென்று கூடுதல் பலம் வைத்திருப்பார்கள், தளம் உடனே இடிந்துவிடாது என்று வாதாடுபவர்கள் உண்டு. அந்தப் பலம் குளத்துக்காக வைத்ததல்ல. பெரிய குளம் சிராங்கூன் கார்டன்ஸ் போன்ற இடங்களில் உள்ள தரைவீட்டு முற்றத்துக்கு மட்டுமே உரியது. மாடியில் பால்கனி, தாழ்வாரம், மொட்டைமாடி எதுவும் வேண்டாம்.

அடுத்தது வேதியியல். நம் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் கலந்திருப்பது குளோரின் அல்ல, குளோரமின். வீட்டில் மீன் வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குளோரமின் குழாய்களில் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், ஆனால் கிருமிகளைக் கொல்வதில் மந்தம். புதிதாக நிரப்பிய குளத்தில் சோதனைத் தாளை நனைத்தால் 'மொத்த குளோரின்' கட்டம் நிறம் மாறும். 'தனிக் குளோரின்' கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். அது லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்க வேண்டும். 3,800 லிட்டர் நீரில் 2 மில்லிகிராம் கூட்ட, 5 சதவீதச் செறிவுள்ள வாசனையற்ற ப்ளீச் 150 மில்லி போதும். முதல் தடவை குளோரமினோடு வினைபுரிந்தே கொஞ்சம் தீர்ந்துவிடும் என்பதால், ஊற்றிவிட்டு மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு ஊற்றினாலும் நீரின் பிஎச் ஒத்துழைக்க வேண்டும். கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.5இல் தனிக் குளோரினில் பாதி அந்த வடிவில் இருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நம் வெயில் வேறு. நேர் வெயிலில் பாதுகாப்பில்லாத குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். எனவே மாலையில் ஊற்றுவதே புத்திசாலித்தனம். ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்யும் ஊர் இது. ஒவ்வொரு மழையும் உள்ளதை நீர்த்துப்போகச் செய்யும். ஒன்றோடு ஒன்று சேரக்கூடாதவையும் உண்டு. ப்ளீச்சில் அமிலம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இருவேறு வகைக் குளோரின் மருந்துகளை ஒரே வாளியில் போட்டால் தீயே பிடிக்கலாம்.

நீச்சல் குளத்து 'குளோரின் வாடை' சுத்தத்தின் அடையாளம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு வினைபுரிந்து உண்டாகும் டிரைகுளோரமின் போன்றவற்றின் வாடை அது. கண் எரிச்சலும் அதனால்தான். வாடை தூக்கலாக இருந்தால் யாரோ சோப்புப் போட்டுக் குளிக்காமல் இறங்கியிருக்கிறார்கள், அல்லது அதைவிட மோசமாக ஏதோ நடந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கவே கூடாது. ஈ. கோலியை ஒரு நிமிடத்துக்குள் கொல்லும் அதே அளவு குளோரினில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி பத்து நாள் உயிரோடு இருக்கும்.

பம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கு 1,200 லிட்டர் இழுப்பது என்றால் ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரம் ஓட்டினால் ஒரு சுற்று. மின்கசிவுத் தடுப்புக் கருவி, அதாவது ஆர்சிசிபி, 2025 ஜூலை முதல் எல்லா வீடுகளிலும் கட்டாயம். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே பம்பின் பிளக்கைச் செருகுங்கள். நீருக்குள் ஆள் இருக்கும்போது பம்பு ஓடக்கூடாது.

கடைசியாகக் கொசு. இந்த ஊரில் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். 2020இல் கொவிட்-19 நோய்ப் பரவல் முறியடிப்புக்காக ஊரே வீட்டுக்குள் இருந்தது, பொது நீச்சல் குளங்கள் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டுதான் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்டு புதிய உச்சம் ஏற்பட்டது. ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அகலத்துக்குத் தேங்கிய நீர் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் ஆகும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் 200 வெள்ளி அபராதம் விதிக்கும்.

பம்பு ஓடி, குளோரின் சரியாக இருக்கும் குளம் ஏடிஸ் விரும்பும் இடமல்ல. ஆபத்து காற்றுப் போன குளத்தில்தான். பாதி மடங்கி மூலையில் கிடக்கும் பிவிசியின் ஒவ்வொரு மடிப்பும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடுதாளின் குழிவும் அப்படித்தான். அதோடு ஏடிஸ் முட்டையிடுவது நீரில் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில். காய்ந்துபோனாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஜூன் விடுமுறையில் சுருட்டி வைத்த குளத்தை டிசம்பரில் நிரப்பினால் அவையும் பொரியலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கொட்டுவதிலும் ஒரு சங்கதி. சாலையோர வடிகாலில் விட்டால் அது கடலுக்குப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் கல்லாங் படுகை வழியாக மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து சுத்திகரித்து எடுப்பது குடிநீர். எனவே குளோரின் போடுவதை நிறுத்தி இரண்டு நாள் வெயிலில் விட்டு, சோதனைத் தாள் பூஜ்யம் காட்டிய பிறகு செடிகளுக்கு ஊற்றலாம், தரை கழுவலாம். மீதியை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடலாம்.

பிறகு துடைத்து, இருபுறமும் காயவைத்து, மழை படாத இடத்தில் மடித்து வைக்க வேண்டும். பத்தடிக் குளத்தை விரித்துக் காயவைக்க பத்தடி இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத வீட்டில், காலையில் கணுக்கால் அளவு நிரப்பி மாலையில் வடித்துவிடும் சின்னக் குளம் போதும். அதற்குக் குளோரினும் வேண்டாம், பம்பும் வேண்டாம்.