செய்மதியும் சிற்றூர்த் தொலைபேசியும்

கம்பிவழித் தொலைபேசிக்குத் தூரமே செலவு. பத்து மைல் கம்பிக்கு ஒரு விலையெனின், நூறு மைல் கம்பிக்கு அதனிற் பத்து மடங்கு. இடையே மலையும் சதுப்பும் குறுக்கிடின் இன்னும் அதிகம். ஆதலின் மக்கள் செறிந்து வாழும் நகரங்களையே தொலைபேசி முதலில் நாடிற்று. நூறு பேர் வாழும் ஒதுக்குப்புறச் சிற்றூருக்குக் கம்பி இழுக்க முன்வருவார் இலர். செய்மதியோ இக்கணக்கை அடியோடு மாற்ற வல்லது. உயரத்தினின்று நோக்கும் அதற்கு அண்டையூரும் ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஊரும் ஒன்றே.

பூமத்தியரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் பொருள், பூமி தன்னைத் தான் ஒருமுறை சுற்றும் காலத்திலேயே தானும் ஒருமுறை சுற்றும். எனவே கீழிருந்து நோக்குவார்க்கு அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அவ்வாறான மூன்று நிலையங்கள் உலகனைத்தையும் இணைக்கப் போதும் என 1945 ஆம் ஆண்டில் எழுதியவர், பின்னர் 1956 முதல் இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் ஆவர். அவர் எழுதி இருபது ஆண்டுகள் கழிந்ததும், 1965 இல், ‘ஏளி பேட்’ என்னும் செய்மதி அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேல் நிலைகொண்டது. ஒரே வேளையில் 240 உரையாடல்களை அது சுமந்தது. ஆயின் அதனோடு பேச, இங்கிலாந்தின் கூன்கில்லியில் இருந்ததைப் போன்ற 26 மீற்றர் அகலமுள்ள அலைவாங்கிக் கிண்ணம் வேண்டியிருந்தது. வானம் எல்லார்க்கும் பொது. கிண்ணமோ செல்வ நாடுகட்கே உரியதாயிற்று.

வானிலுள்ள பொறி எத்துணைச் சிறந்ததாயினும், தரையிலுள்ள பொறி மலிவாகும் வரை சிற்றூர்க்கு அதனாற் பயனில்லை. இதனைத் தெளிவாக உணர்த்துவது அலாஸ்காவின் வரலாறு.

அலாஸ்காவின் உட்பகுதிச் சிற்றூர்கள் பலவற்றுக்குத் தெருக்களும் இல்லை. உறைந்த நிலத்தில் நாட்டிய கம்பங்கள், நிலம் இளகியும் இறுகியும் வருதலால் நிலைபெறுவதில்லை. மருத்துவர் இல்லாத அவ்வூர்களில், ஊராருள் ஒருவரே சிறிது பயிற்சி பெற்றுச் சுகாதார உதவியாளராகப் பணிபுரிந்தார். நோயாளியின் நிலையைத் தொலைவிலுள்ள வைத்தியசாலை மருத்துவர்க்கு வானொலி வழியே கூறி அறிவுரை பெறுதல் வழக்கம். சிற்றலை வானொலியோ வானத்து அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி வருவது. துருவ ஒளி தோன்றும் அந்நாட்டில் அம்மண்டலம் அடிக்கடி குழம்பும். குழம்பினால் நாட்கணக்கிற் பேச்சே இல்லை. பிள்ளைப்பேற்று வேதனையுற்றாளும் சுரங்கண்ட குழந்தையும் அதுவரை காத்திரார்.

1966 இல் ஏவப்பட்ட ஏ.ரி.எஸ். - 1 என்னும் ஆராய்ச்சிச் செய்மதியைக் கொண்டு 1971 இல் அங்கு ஒரு சோதனை நிகழ்ந்தது. 26 இடங்களில் எளிய வானொலிக் கருவிகள் வைக்கப்பட்டன. மருத்துவரோடு தொடர்பு கிடைத்த நாட்கள் பெரிதும் மிகுந்தன. எதிர்பாராத நன்மையும் ஒன்று விளைந்தது. அலைவழி ஒன்றே ஆதலின், ஓரூரார் மருத்துவரோடு பேசுவதை ஏனையூர் உதவியாளரும் கேட்டனர். கேட்டுத் தாமும் கற்றனர். அந்தரங்கம் குன்றியது உண்மையே. ஆயினும் அது ஒருவகை வகுப்பறையாயிற்று.

சோதனை வேறு, நிலையான சேவை வேறு. அக்காலை அலாஸ்காவின் நெடுந்தூரத் தொலைபேசியை நடாத்திய கம்பனி பெரிய தரைநிலையங்களையே விரும்பிற்று. மாநில அரசினர் எதிர்வழக்குரைத்தனர். ஓரூருக்கு ஒன்றிரண்டு பேச்சுவழிகளே போதுமெனின், ஆயிரம் பேச்சுகளைத் தாங்கும் கிண்ணம் எதற்கு? 4.5 மீற்றர் அகலமே போதும் என்பது அவர்தம் வாதம். 1975 இல் மாநிலச் சட்டசபை 50 இலட்சம் டொலர் ஒதுக்கி, நூற்றுக்கு மேற்பட்ட சிறு நிலையங்களை வாங்கத் துணிந்தது. 25 பேரேனும் நிலையாக வாழும் ஊர் ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி வேண்டும் என்பது கொள்கை. ஊருக்குப் பொதுவாக ஒரு பேச்சுவழியும், மருத்துவத்துக்கென ஒரு பேச்சுவழியும் அமைந்தன. வீட்டுக்கு வீடு அன்று, ஊருக்கு ஒன்று. இச்சிக்கனமே திட்டத்தின் உயிர்நாடி.

கட்டணமும் தானாகக் குறைந்ததன்று. அலாஸ்காவின் நெடுந்தூரக் கட்டணம் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் ஏனைப் பகுதிக் கட்டணத்தோடு இணைதல் வேண்டும் எனச் சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழு 1972 இல் விதித்தது. அதனால், செறிந்த நகரங்களின் வருவாய் ஒதுங்கிய ஊர்களின் செலவில் ஒரு பங்கைத் தாங்கிற்று.

குறைகளும் இருந்தன. ஒலி மேலேறிக் கீழிறங்கக் கால் செக்கன் செல்லும். மறுமொழி கேட்க அரைச் செக்கன். இரு சிற்றூர்கள் தம்முள் பேசும்போது பேச்சு நகர நிலையத்துக்கு இறங்கி மீண்டும் மேலேறின், மறுமொழிக்கு ஒரு செக்கனாகும். இருவரும் ஒரே வேளையிற் பேசத் தொடங்கி, ஒரே வேளையில் நிறுத்துவர். அழைப்பு வருந்தோறும் இரு ஊர்களையும் நேரே இணைக்கும் முறை பின்னர் வந்து இதனைத் தணித்தது.

இதற்கு மாறான வழியிற் சென்றது ‘இரிடியம்’. தாழ்வாக 780 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் 66 செய்மதிகள், கிண்ணமின்றிக் கையிலேந்தும் தொலைபேசி, தாமதமோ சிறிது. பொறியியல் நோக்கில் வியத்தகு சாதனை இது. ஆயின் தாழப் பறக்கும் செய்மதி ஓரிடத்தில் நில்லாது. ஓரூருக்கு வேண்டினும் உலகு முழுவதற்குமான கூட்டத்தையே ஏவல் வேண்டும். சுமார் 500 கோடி டொலர் செலவாயிற்று. 1998 நவம்பரிற் சேவை தொடங்கியபோது கருவியின் விலை ஏறத்தாழ 3,000 டொலர். பேசும் நிமிடமொன்றுக்குச் சில டொலர். தொலைபேசி இல்லாதார் அதனை வாங்க வல்லாரல்லர்; வாங்க வல்லார்க்கோ நகரிற் சாதாரணக் கைத்தொலைபேசி கிடைத்துவிட்டது. 1999 ஓகத்தில் அது முறிவடைந்தது. சுமார் இரண்டரைக் கோடி டொலருக்கு அதனை வாங்கிய புதிய கம்பனி, கப்பலோட்டிகளுக்கும் விமானிகளுக்கும் படையினர்க்கும் சேவை செய்து நிலைத்தது.

அண்மையிற் சாதாரணக் கைத்தொலைபேசியே செய்மதியோடு பேசத் தொடங்கியுள்ளது. நியூசிலாந்தில் 2024 இறுதியில் இவ்வழிக் குறுஞ்செய்திச் சேவை தொடங்கிற்று. தரையில் இருந்த கிண்ணம் இங்கு வானுக்கு ஏறிவிட்டது எனலாம்: கைக்கருவியின் ஒலி நலிந்ததாதலின், செய்மதியே பெரிய அலைவாங்கியைச் சுமக்கின்றது. எனினும் அதன் கற்றையொன்று பரந்த நிலப்பரப்பை மூடும். அப்பரப்பிலுள்ளார் அனைவரும் சில பேச்சுவழிகளையே பங்கிடல் வேண்டும். ஆதலின் குறுஞ்செய்தி முந்தியும் குரல் பிந்தியும் வருகின்றன.