சிற்றூர்ச் சர்வரும் சாவி தேடும் யந்திரங்களும்

1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரைத் தலைமை நிலையமாகக் கொண்டு புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பி சரிவர எட்டாத ஊர்களுக்கு வானொலி அலைகளே செய்தியைச் சுமந்து சென்றன. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பு வில்லியனூரில் பெறப்பட்டு, வீராம்பட்டினத்து மீனவர் கடலுக்குப் புறப்படுமுன் ஒலிபெருக்கி வாயிலாக அவர்களுடைய செவிக்கு எட்டிற்று. அன்று இணையம் என்பது தேவைப்பட்டபோது தொலைபேசி வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம். இன்றோ அதே புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் ஒரு பள்ளியோ, கூட்டுறவுச் சங்கமோ, கடையோ தனக்கென ஒரு சர்வரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டால், அது அல்லும் பகலும் உலகனைத்துக்கும் திறந்து நிற்கிறது.

“இந்தச் சிற்றூரில் நம்மை யார் சீண்டப்போகிறார்கள்?” என்ற சமாதானம் இங்கே செல்லாது. தாக்குவது மனிதனன்று, முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல். பழைய முறை இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி இருந்தாலும், அவை யாவற்றையும் ஒரே கணினியைக் கொண்டு 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் நிரூபித்தனர். திறந்த வழி அகப்பட்டதும் ‘ரூட்’, ‘அட்மின்’ என்னும் நிர்வாகக் கணக்குப் பெயர்களோடு ‘123456’ போன்ற கடவுச்சொற்களை யந்திரம் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறது. 1988-இல் பரவிய மாரிஸ் புழு என்ற நிரலே கடவுச்சொல்லை ஊகிக்க 432 சொற்கள் கொண்ட பட்டியலைச் சுமந்து திரிந்தது. 2016-இல் ‘மிராய்’ என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத லட்சக்கணக்கான காமிராக்களையும் ரூட்டர்களையும் அறுபது சொச்சம் பெயர்–கடவுச்சொல் ஜோடிகளைக் கொண்டே வசப்படுத்திற்று.

இதற்கு வழக்கமான பரிகாரம், 2004-இல் சிரில் ஜாக்கியே தொடங்கிய ‘ஃபெயில்டுபேன்’ என்ற நிரல். சர்வரின் பதிவேட்டை இடைவிடாது வாசித்து, குறித்த அளவுக்கு மேல் தவறிய முகவரியைச் சிறிது காலம் விலக்கி வைப்பது அதன் தொழில். ஆயினும் தாக்குபவன் ஆயிரம் முகவரிகளிலிருந்து முகவரிக்கு ஒரு முறை மட்டுமே முயன்றால் அந்தக் கணக்குப் பொய்த்துவிடும். சர்வருக்குள் நுழையும் வாயிலின் எண்ணை வழக்கமான 22-இலிருந்து மாற்றுவதும் தொந்தரவைக் குறைக்குமேயன்றிப் பாதுகாப்பைக் கூட்டாது.

ஆகவே, ஊகிக்கத்தக்க சொல்லே இல்லாதபடி செய்வதுதான் மூல உபாயம். பின்லாந்தில் தம் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவுபோனதைக் கண்டு டாட்டூ இலோனன் 1995-இல் ஆக்கிய ‘எஸ்எஸ்எச்’ என்ற தொலைநுழைவு முறை, சாவி ஜோடியைக் கொண்டு நுழைய வகை செய்கிறது: அந்தரங்கச் சாவி நம் கணினியிலேயே தங்க, அதற்கு இணையான பொதுச் சாவி மட்டும் சர்வரில் இருக்கும். சாவியால் நுழைய முடிகிறதா என்பதை வேறொரு ஜன்னலில் சோதித்தறிந்த பிறகே கடவுச்சொல் நுழைவை நிறுத்த வேண்டும். இல்லையேல் உரியவரே வெளியில் நிற்க நேரும். ‘ரூட்’ நேரடியாக நுழைவதையும் தடுத்துவிடுவது நல்லது. இவற்றோடு, பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் ஆணையிட்டிருக்கிறது.

சிறிய ஸ்தாபனம் என்பதற்காக யந்திரம் தயவு காட்டப்போவதில்லை. எனினும், உள்ளே நுழைய வேண்டியவர்கள் இரண்டு மூன்று பேரே என்பதால், சாவி வழங்கி, வேண்டாத கணக்குகளை நீக்கி, மற்றவர்க்கெல்லாம் வழியடைக்கும் வேலை பெரிய கம்பெனியைப் போலன்றி அங்கே ஒரே மாலையில் முடியக்கூடியது.