ரிப்போர்ட்டில் இல்லாத வலி

‘ரிப்போர்ட் நார்மல்’ என்று டாக்டர் சொன்னால் நிம்மதி வர வேண்டும். மாதக்கணக்கில் இடுப்பு வலியோடு அலைகிறவர்களுக்கு அது வருவதில்லை. ஒருக்களித்துப் படுத்தால் வலி, மாடி ஏறினால் வலி, பஸ் படியில் கால் வைத்தால் சுருக்கென்று ஒரு குத்து. படத்திலோ எதுவும் இல்லை. வீட்டிலும் பேச்சு மாறிவிடுகிறது: “அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கல்ல, சும்மா அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதம்மா.”

படத்தை நாம் இவ்வளவு நம்புவதுதான் சிக்கல். 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரவாசிகளின் இடுப்பு எக்ஸ்ரேக்களை அவர்களுடைய வலியோடு ஒப்பிட்டது. அடிக்கடி வலிக்கும் இடுப்புகளில் ஏறத்தாழ 16 சதவீதத்தில்தான் தேய்மானம் தெரிந்தது. தேய்மானம் தெரிந்தவற்றிலோ, அடிக்கடி வலித்தது ஐந்தில் ஒன்றுதான். எம்.ஆர்.ஐ. கதையும் அதுவே. இடுப்பு வலியே இல்லாத 45 பேரை ஸ்கேன் செய்த ஓர் ஆய்வில் (2012), 69 சதவீதம் பேருக்கு மூட்டுக்கிண்ணத்தின் விளிம்பு ஜவ்வில் கிழிசல் இருந்தது.

ஸ்கேனுக்கு முன்னால் உதவுவது நோயாளியின் விரல்தான். ‘இங்கேதான்’ என்று தொடை இடுக்கைக் காட்டினால் பெரும்பாலும் மூட்டு. பிட்டத்தைக் காட்டினால் முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம், எலும்பு மேடாகத் தட்டுப்படும் இடத்தைக் காட்டினால், அங்கே வந்து சேரும் தசைநாண்கள் நொந்திருக்கலாம். நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் இது சர்வசாதாரணம். தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது. தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்க்கிற அவசர ஓ.பி.யில் இது தப்பிப்போவதில் என்ன ஆச்சரியம்?

இந்த வகை வலிக்கு ஊசியா, உடற்பயிற்சியா என்று ஆஸ்திரேலியாவில் 204 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. எட்டு வாரத்தில், பயிற்சியோடு பழக்கங்களையும் திருத்திக்கொண்டவர்களில் 77 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58. சும்மா பொறுத்திருந்தவர்களில் 29. ஓராண்டு கழித்தும் பயிற்சிக்காரர்களே முன்னால் நின்றார்கள்.

திருத்த வேண்டிய பழக்கங்கள் கேட்பதற்கு அற்பமாக இருக்கும். அடுப்படியில் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பது, கால்மேல் கால் போடுவது, குழந்தையை ஒரே பக்கம் இடுக்கிக்கொள்வது எல்லாம் அந்தத் தசைநாணை எலும்போடு அழுத்துகின்றன. ஒருக்களித்துப் படுக்கும்போது வலிக்கிற பக்கம் மேலே இருக்கட்டும், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வேண்டும். கைத்தடியை வலிக்காத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலரும் வலிக்கிற பக்கத்தில்தான் ஊன்றுகிறார்கள். காய்கறிப் பைக்கு நேர்மாறு: வலிக்கிற பக்கத்துக் கையில் தூக்கினால்தான் இடுப்புத் தசைக்கு வேலை குறைவு.

அதே சமயம், ‘காரணம் இல்லை’ என்று சீக்கிரம் ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை நிறைய எடுத்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். காலையில் அரை மணிக்கு மேல் விறைத்து, நடந்தால் இளகுகிற வலி இளைஞருக்கு இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்தால் காசநோயை நம் ஊரில் மறக்க முடியாது. கீழே விழுந்த முதியவரால் கால் ஊன்ற முடியாவிட்டால் ஒரே ஒரு எக்ஸ்ரேயோடு திருப்தியடையக் கூடாது.

இவை எல்லாம் பார்த்தும் எதுவும் அகப்படாதவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது: மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைப் பாதித்து, வேறு நோயால் விளக்க முடியாத வலி, தானே ஒரு நோய். நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்து, சாதாரண அசைவையும் வலியாக உணர்கிறது. தூக்கம் கெட்டால் இன்னும் கூடுகிறது.

இப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது நல்ல நாள்தான். வலி குறைந்தது என்று ஒரே மூச்சில் பரணைத் துடைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கை. இருபது நிமிட நடையில் வலி ஏறுகிறதென்றால், பதினைந்தில் நிறுத்த வேண்டும். நன்றாக இருக்கும் நாளிலும் பதினைந்துதான். வாரம் போகப்போக ஓரிரு நிமிடம் கூட்டலாம். பரணை நாலு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் மற்றவர்களும் ஏணியில் ஏறலாம்.